காய்ந்த கொடியைப் பிடுங்கச் சொல்லாதீர்கள்

பெறுநர்:
இயக்குநர்,
ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம்,
தரமணி, சென்னை.

மதிப்புக்குரிய இயக்குநர் அவர்களுக்கு,

உங்கள் பொறுப்பில் தமிழ்நாடு முழுக்க 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. 1975 அக்டோபர் 2 அன்று நாட்டில் இந்தத் திட்டம் தொடங்கப்பட்டபோது சொல்லப்பட்ட நோக்கங்களில் ஒன்று, குழந்தைச் சாவைக் குறைப்பது. எடை பார்ப்பது, இணை உணவு கொடுப்பது, தடுப்பூசிக்கு அழைத்துப் போவது எல்லாம் அதற்காகத்தான். தெருத்தெருவாக நடந்து அந்த வேலையைச் செய்து காட்டியவர்கள் உங்கள் பணியாளர்களும் உதவியாளர்களும். அவர்கள் பார்த்துப் பார்த்து வளர்த்த பிள்ளைகள்தான் இன்று காலையும் அந்த மையங்களில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்காக ஒரு கோரிக்கை.

உயிர் என்றால் என்ன, சாவு என்றால் என்ன என்று மூன்று வயதிலும் நான்கு வயதிலும் அவர்கள் கேட்கிறார்கள். அப்படிக் கேட்கும்போது, மையத்துத் தோட்டத்தையும் அங்கே வந்து போகும் பூச்சி பறவைகளையும் காட்டி நேரான பதில் சொல்ல உங்கள் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுங்கள். முன்பருவக் கல்விக் கையேட்டில் அதற்கு இடம் ஒதுக்குங்கள்.

பிஞ்சு மனதில் இதையெல்லாம் ஏன் ஏற்ற வேண்டும் என்று உடனே கேட்பார்கள். ஏற்ற வேண்டியதே இல்லை. ஏற்கெனவே அங்கே இருக்கிறது. வீட்டிலிருந்து மையத்துக்கு நடந்து வரும் குழந்தை வழியில் என்னென்ன பார்க்கிறது என்று யோசியுங்கள். கோழிக்கடையில் கூண்டுக்குள் நிற்கும் கோழிகள், பக்கத்திலேயே தோல் உரித்துத் தொங்கும் கோழிகள். ராத்திரி லாரியில் அடிபட்ட நாய். தெருமுனையில் கண்ணீர் அஞ்சலிப் பதாகை. அதில் போன வாரம் வரை தனக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்த எதிர்வீட்டுத் தாத்தாவின் முகம். முந்தின நாள் ஊர்வலம் போன பாதையில் சாமந்தி இதழ்கள் காய்ந்து கிடக்கின்றன. சங்கும் பறையும் வெடியும் காதில் விழுந்தபோது கதவைச் சாத்தி, "உள்ள வா" என்று இழுத்திருப்பார்கள். பார்க்கக் கிடைப்பது அத்தனையும் கிடைக்கிறது. கேட்டால் பதில்தான் கிடைப்பதில்லை.

நாம் சொல்லும் பதில்கள் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். தாத்தா தூங்குறாரு. அம்மா ஊருக்குப் போயிருக்காங்க. பாட்டியை சாமி கூட்டிக்கிட்டாரு. அப்பா நட்சத்திரமாயிட்டாரு. எல்லாம் அன்பில் வரும் பதில்கள்தான். ஆனால் நான்கு வயதுப் பிள்ளை சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்ளும். தூங்கினவர் எழுந்திருக்கவில்லை என்றால் நானும் தூங்கலாமா என்று அது பயப்படும். ஊருக்குப் போன அம்மா தீபாவளிக்கு வருவாள் என்று காத்திருக்கும். வரவில்லை என்றால், நான் அடம் பிடித்ததால்தான் வரவில்லை என்று தன்னையே குற்றவாளி ஆக்கிக்கொள்ளும்.

குழந்தைகள் சாவை எப்படி விளங்கிக்கொள்கிறார்கள் என்று முதன்முதலில் விரிவாக ஆராய்ந்தவர்களில் ஒருவர் ஹங்கேரியைச் சேர்ந்த மரியா நாகி. புடாபெஸ்டிலும் சுற்றுப்புறத்திலும் 3 முதல் 10 வயது வரையிலான 378 குழந்தைகளிடம் அவர் கேட்டறிந்ததை 1948இல் வெளியிட்டார். ஐந்து வயதுக்குக் குறைந்தவர்கள் பலர் சாவைத் தூக்கமாகவோ பயணமாகவோதான் நினைத்தார்கள். ஆக, "தூங்குறாரு", "ஊருக்குப் போயிருக்காங்க" என்னும்போது அந்த வயதுக்குரிய குழப்பத்தையே நாம் உறுதிப்படுத்திவிடுகிறோம். பின்னால் வந்த ஆய்வாளர்கள் குழந்தைக்கு விளங்க வேண்டியவற்றைப் பிரித்துச் சொன்னார்கள்: செத்தது திரும்ப வராது, அதன் உடம்பு வேலை செய்வது நின்றுவிட்டது, எல்லா உயிருக்கும் இது உண்டு, இதற்குக் காரணம் உண்டு. ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகள் இவற்றில் பெரும்பகுதியைப் பிடித்துவிடுகிறார்கள். அதற்கான அடித்தளம் விழுவது உங்கள் மையங்களில் இருக்கும் வயதில்தான்.

இயற்கையைக் காட்டித்தான் பாடம் நடத்துகிறோமே என்று உங்கள் அலுவலகத்தில் சொல்லக்கூடும். வண்ணத்துப்பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சிப் படம் இல்லாத குழந்தைகள் வகுப்பறையே இப்போது அரிது. முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்ணத்துப்பூச்சி. அம்புக்குறி மறுபடி முட்டைக்கு. அந்தப் படத்தைக் குழந்தையின் கண்ணால் ஒரு தடவை பாருங்கள். முட்டையிட்ட வண்ணத்துப்பூச்சி என்ன ஆனது? படத்தில் அதற்கு இடமில்லை. அம்பு நேராக முட்டைக்குப் போகிறது. ஒரே பூச்சி சுற்றிச்சுற்றி வருவதாகத்தான் மூன்று வயதுப் பிள்ளைக்குத் தோன்றும். சாவு விடுபட்ட அந்த வட்டத்தை வாழ்க்கை என்று கற்றுக்கொடுக்கிறோம். முட்டையிட்டுவிட்டு, இறக்கை கிழிந்து, நிறம் மங்கி, சில வாரங்களில் செத்து எறும்புக்கு இரையாகிற அந்தத் தாய்ப்பூச்சியையும் படத்தில் சேர்த்து வரையச் சொல்லுங்கள். செலவில்லாத திருத்தம் இது.

படத்தைவிட மையத்துக் கறிவேப்பிலைச் செடி நல்ல ஆசிரியர். எலுமிச்சை அழகி என்று ஆர்வலர்கள் அழைக்கும் வண்ணத்துப்பூச்சி எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் முட்டையிடும். வெளிறிய மஞ்சள் நிறத்தில் பொடி முட்டை. அதிலிருந்து வரும் குட்டிப்புழு பார்க்க அப்படியே பறவை எச்சம்போல இருக்கும். குருவி ஏமாந்து போகட்டும் என்று அந்த வேஷம். வளர்ந்ததும் பச்சையாகிவிடும். மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டைபோல ஒரு கொம்பை நீட்டி நாற்றம் விடும். இதைப் பார்த்துக் கைகொட்டிச் சிரிக்காத பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆனால் நான் சொல்ல வருவது அதற்கு அடுத்த கட்டம். பத்துப் புழு இருந்த செடியில் நாலு நாள் கழித்து மூன்றுதான் இருக்கும். மீதியை யாரோ தின்றிருப்பார்கள். அந்த மூன்றும் கூட்டுப்புழுவானால், ஒன்றிலிருந்து வண்ணத்துப்பூச்சி வரும். இன்னொன்று பழுப்பாகி இறுகிப்போகும். ஒருநாள் அதில் ஊசி குத்தினாற்போல் ஓட்டை தெரியும். உள்ளிருந்து வண்ணத்துப்பூச்சிக்குப் பதிலாகப் பொடிப்பொடியாய்க் குளவிகள் வெளியே வரும். அந்தக் குளவிகளின் தாய் அதற்குள் முட்டை வைத்திருந்தது. வண்ணத்துப்பூச்சி எங்கே என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்கட்டும். "அது செத்துப்போச்சு. குளவிக்குஞ்சு அதைச் சாப்பிட்டு வளர்ந்துடுச்சு" என்று சொல்லலாம். சில பிள்ளைகளுக்கு முகம் வாடும். ஒருத்தி குளவி மேல் கோபப்படுவாள். ஒருத்தன் குளவிக்கும் பசிக்கும்தானே என்பான். அந்தப் பேச்சுக்கு ஈடாக எந்த அட்டையும் எந்தக் காணொளியும் வராது.

அவரைக்கு வருகிறேன், ஏனென்றால் அங்கன்வாடி ஆண்டுக்கு அவ்வளவு பொருந்தி வருகிற கொடி வேறில்லை. ஆடிப்பட்டத்தில் பிள்ளைகள் கையாலேயே ஊன்றலாம். முதல்நாள் ராத்திரி ஊறவைத்த விதை ஒரு வாரத்துக்குள் மண்ணைத் தூக்கிக்கொண்டு வரும். விதையின் இரண்டு பருப்பும் தண்டில் ஒட்டிக்கொண்டு மேலே வந்து, செடி வளர வளரச் சுருங்கி உதிரும். ஊன்றிய விதை எங்கே போனது என்பது அங்கேயே கண்ணுக்குத் தெரியும். யாராவது ஒரு பிள்ளை பொறுமை இல்லாமல் தினமும் தோண்டிப் பார்த்திருக்கும். அந்த விதை மட்டும் அழுகியிருக்கும். அதையும் எடுத்துக் காட்டலாம், திட்டாமல். கொடி பந்தல் ஏறும். தளிரில் கறுப்பாக அசுவினி மொய்க்கும். அதைத் தின்னப் பொறிவண்டு வரும். பொழுது குறுகும் பனிக்காலத்தில் பூத்து, தையில் காய் காயாய்த் தொங்கும். சாம்பாரில் போட்டுப் பிள்ளைகளே சாப்பிடுவார்கள். மாசி பங்குனியில் அடியிலை மஞ்சளாகும். தண்டு மரத்துப்போகும். பறிக்காமல் விட்ட காய் தோல் உலர்ந்து, ஆட்டினால் கலகலவென்று சத்தம் கேட்கும்.

பெரும்பாலான மையங்களில் கதை இந்த இடத்தில் முறிகிறது. காய் ஓய்ந்ததும் கொடியைப் பிடுங்கிப் போட்டுவிடுகிறார்கள். காய்ந்த கொடி, ஆய்வுக்கு வருகிறவர் கண்ணுக்குக் கவனிப்பில்லாத தோட்டமாகத் தெரியும் என்று பணியாளர்கள் பயப்படுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பசுமையாக இருந்தால் பாராட்டுவதும், வாடியிருந்தால் விளக்கம் கேட்பதும் நம் அலுவலகப் பழக்கம். ஆனால் பிள்ளைகள் திங்கட்கிழமை வந்து பார்க்கும்போது பந்தல் வெறுமையாக நிற்கிறது. எட்டு மாதம் தண்ணீர் ஊற்றிய கொடி எப்படி முடிந்தது என்பதை அவர்கள் பார்க்கவே இல்லை. ஒரு மையத்துக்கு ஒரு கொடி போதும். அது தானாகக் காய்ந்து, பிள்ளைகளே விதையை உரித்து, சருகைத் தோட்டத்து மூலையில் போட்டு, அது மட்கி மண்ணாவதை மழைக்காலம் வரை எட்டி எட்டிப் பார்க்கட்டும். அதைப் பிடுங்கச் சொல்லாதீர்கள் என்று உங்கள் மேற்பார்வையாளர்களுக்கு ஒரு வரி எழுதுங்கள்.

இதில் ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். இயற்கையைக் காட்டிச் சாவைச் சொல்லும்போது, பெரியவர்களுக்கு ஆறுதல் தரும் ஒரு பேச்சு வாயில் தானாக வந்துவிடும்: எதுவும் சாவதில்லை, எல்லாம் மறுபடி முளைக்கும் என்று. குழந்தைக்கு அது அடுத்த பொய்யாகிவிடும். பழைய கொடி செத்துவிட்டது. விதையிலிருந்து வருவது வேறு கொடி. பாட்டி மல்லிகைச் செடியாக வந்திருக்கிறாள் என்று சொல்லிவிட்டால், அந்தச் செடி பட்டுப்போகும் நாளில் குழந்தைக்குப் பாட்டி இரண்டாம் தடவை சாவாள். கொடி இருந்தது, காய் கொடுத்தது, காய்ந்தது, இனி வராது. அதன் விதையிலிருந்து இன்னொன்று வரும். இந்த வரிசையில் எதையும் முழுங்காமல் சொல்லப் பழக வேண்டும்.

கிராமத்து மையங்களுக்கு இன்னொரு பாடம் பக்கத்து வீட்டிலேயே இருக்கிறது. அடைக்கு வைத்த நாட்டுக்கோழியைப் போய்ப் பார்த்து வரலாம். 21ஆம் நாள் பொரியும். ஒன்றிரண்டு கூமுட்டையாகிப் பொரியாமல் கிடக்கும். பொரித்த குஞ்சுகளில் பருந்தும் காக்காயும் கொண்டுபோனதுபோக மிஞ்சுவதைப் பிள்ளைகளே எண்ணிச் சொல்வார்கள். மதியச் சாப்பாட்டில் வரும் முட்டையில் குஞ்சு இருக்குமா என்ற கேள்வியும் தவறாமல் வரும். சேவலோடு சேராத பண்ணைக்கோழி இட்ட முட்டையில் குஞ்சு வராது என்று சுருக்கமாகச் சொன்னால் போதும்.

இதெல்லாம் பலன் தருமா என்று கேட்டால், தந்திருக்கிறது. ஜப்பானில் கயோகோ இனகாகி, வீட்டில் தங்கமீன் வளர்த்த ஐந்து வயதுப் பிள்ளைகளையும் வளர்க்காதவர்களையும் ஒப்பிட்டு 1990இல் எழுதினார். வளர்த்த பிள்ளைகள், தாங்கள் பார்த்துப் பழகாத தவளையைப் பற்றிக் கேட்டபோதும், மீனை வைத்துச் சரியாக யோசித்துப் பதில் சொன்னார்கள். ஆஸ்திரேலியாவில் வர்ஜீனியா ஸ்லாட்டர் குழுவினர், இதயம் எதற்கு, நுரையீரல் எதற்கு என்று மழலையர் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார்கள். உடம்பு எப்படி வேலை செய்கிறது என்று விளங்கியதும், சாவைப் பற்றிய புரிதலும் கூடவே தெளிந்தது என்று 2003இல் வெளியிட்டார்கள். ஸ்லாட்டரே 2007இல் இன்னொருவரோடு சேர்ந்து செய்த ஆய்வு, 4 முதல் 8 வயதுப் பிள்ளைகளில் சாவைத் தெளிவாகப் புரிந்தவர்களுக்கு அதைப் பற்றிய பயம் குறைவாக இருந்ததைக் காட்டியது. மறைத்தால் பயம் குறையும் என்ற நம் நம்பிக்கைக்கு நேர்மாறான முடிவு இது. ஜப்பானில் 1992 முதல் தொடக்கப்பள்ளியின் முதல் இரண்டு வகுப்புகளில் அறிவியலுக்குப் பதிலாக வாழ்க்கைச் சூழல் என்ற பாடமே வைத்திருக்கிறார்கள். செடி வளர்ப்பதும் சிறு உயிர்களைப் பராமரிப்பதும் அதன் பகுதி.

வெளிநாட்டுக் கதை வேண்டாம் என்றால் நம் கொடைக்கானலைப் பாருங்கள். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்த கல்வியாளர் மரியா மாண்டிசோரிக்கு, உலகப்போர்க் காலத்தில் இத்தாலியர் என்பதால் ஊர் திரும்ப முடியாமல் இங்கேயே தங்க நேர்ந்தது. 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் இருந்தபோது, அந்த மலைச் செடிகொடிகளையும் சிற்றுயிர்களையும் குழந்தைகளோடு சேர்ந்து கவனித்துத்தான், உயிர்கள் எல்லாம் ஒன்றையொன்று சார்ந்து வாழ்வதைக் குழந்தைக்குச் சொல்லும் கல்விமுறையை அவரும் மகன் மாரியோவும் வளர்த்தெடுத்தார்கள். இன்று கட்டணம் கட்டிப் படிக்கும் பிள்ளைகளுக்கு அது கிடைக்கிறது. அது உருவான மண்ணில் அங்கன்வாடிப் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டாமா?

இப்போது, இந்த மடலை எழுதத் தூண்டிய காரணத்துக்கு வருகிறேன். 2021 மே மாதம், கொரோனாவில் தாய் தந்தை இருவரையும் இழந்த குழந்தைகள் பெயரில் 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகையும், ஒருவரை இழந்திருந்தால் 3 லட்சம் ரூபாயும் தமிழ்நாடு அரசு அறிவித்தது. நன்றியோடு நினைக்க வேண்டிய காரியம். ஆனால் அப்பா ஆஸ்பத்திரிக்குப் போனார், திரும்பி வரவில்லை, உடம்பைக்கூடக் காட்டவில்லை என்று நின்ற மூன்று வயதுப் பிள்ளையிடம் என்ன பேசுவது என்று அங்கன்வாடி டீச்சருக்கு யாராவது சொல்லிக்கொடுத்தார்களா? 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் முதல் கன்னியாகுமரி வரை கடற்கரை மையங்களில் இதே கேள்வி நின்றது. பேரிடர் வேண்டாம், சாதாரண வருஷத்திலேயே எந்த மையத்திலும் ஒரு பிள்ளையின் தாத்தாவோ பாட்டியோ போய்விடுகிறார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து மையத்துக்குத் திரும்பும் அந்தப் பிள்ளையிடம் முதலில் பேச வேண்டியவர் உங்கள் பணியாளர்.

அவருக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். எளிய பேச்சில் இருக்கட்டும். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "தாத்தா இறந்துட்டாருடா கண்ணு. அவரு உடம்பு வேலை செய்யறது நின்னுபோச்சு. இனிமே மூச்சு விட மாட்டாரு. அவருக்குப் பசிக்காது, வலிக்காது, குளிராது. திரும்பி வர மாட்டாரு. நீ எதுவும் பண்ணுனதால இது நடக்கல. அழுகை வந்தா அழு. நான் பக்கத்துலயே இருக்கேன்." பிள்ளை நாளைக்கும் அதையே கேட்கும், அடுத்த வாரமும் கேட்கும். அதே பதிலை அதே வார்த்தையில் சொல்ல வேண்டும். எனக்குக் காய்ச்சல் வந்தால் நானும் செத்துப்போவேனா என்று கேட்டால், சாதாரணக் காய்ச்சல் மருந்து கொடுத்தால் சரியாகிவிடும், தாத்தாவுக்கு ரொம்ப ரொம்ப முடியாமல் இருந்தது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். டீச்சர் நீங்களும் சாவீங்களா என்ற கேள்விக்கு இல்லை என்று சொல்லிவிட ஆசை வரும். எல்லா உயிரும் ஒருநாள் சாகும், ஆனால் நான் ரொம்ப நாள் இருப்பேன்னு நினைக்கிறேன் என்பதுதான் சரியான பதில். தோட்டத்தில் காய்ந்த கொடியைப் பார்த்த பிள்ளைக்கு இந்த வார்த்தைகள் புதிதாக இருக்காது.

ஆன்மா எங்கே போகிறது என்பதை வீட்டாரிடம் விட்டுவிடலாம். ஒரு வீட்டில் சொர்க்கம் என்பார்கள், ஒரு வீட்டில் மறுபிறவி என்பார்கள், ஒரு வீட்டில் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். உடம்பு நின்றுபோனதைச் சொல்வது மையத்தின் வேலை. அதற்கு மேல் குடும்பத்தின் நம்பிக்கை. இரண்டும் மோத வேண்டியதில்லை. தீட்டு என்று முகம் சுளிக்கும் பெற்றோரும் இருப்பார்கள். அம்மாமார் கூட்டத்தில் முன்கூட்டியே பேசிவிட்டால் பெரும்பாலானோர் ஒப்புக்கொள்வார்கள். நம் ஊர்களில் சில இடங்களில் பால் தெளிக்கப் போகும்போது அடக்கம் செய்த மண்ணில் நவதானியம் விதைக்கிறார்கள். அந்த வழக்கம் உள்ள மக்களுக்கு நாம் புதிதாக எதையும் சொல்லிக்கொடுக்கப் போவதில்லை. குழந்தையையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

வளாகத்தில் அணிலோ மைனாக்குஞ்சோ செத்துக் கிடந்தால், ஆயாம்மா துடைப்பத்தால் தள்ளி வேலிக்கு அப்பால் எறிவதற்கு முன் ஐந்து நிமிஷம் பிள்ளைகளைச் சுற்றி நிறுத்தலாம். யாரும் கையால் தொடக் கூடாது. மண்வெட்டியால் எடுத்துப் புதைத்துவிட்டு எல்லாரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். பறவைகள் கூட்டமாகச் செத்துக் கிடந்தால் பிள்ளைகளை அண்டவிடாமல் கால்நடை மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். பார்க்க விரும்பாத பிள்ளையை வற்புறுத்தக் கூடாது.

உங்கள் மையங்களின் ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ பாடத்திட்டம் கருப்பொருள் கருப்பொருளாகத்தான் நடக்கிறது. செடி, விலங்கு, பறவை, என் குடும்பம் என்று வரும் பகுதிகளில் இதைச் சேர்க்கத் தனிப் புத்தகம் தேவையில்லை. கையேட்டில் இரண்டு பக்கமும் மாதாந்திரக் கூட்டத்தில் ஒரு மதிய நேரமும் போதும். பயிற்சியில் பணியாளர்களை முதலில் தங்கள் வீட்டுச் சாவுகளைப் பற்றிப் பேசவிடுங்கள். தன் துக்கத்தைப் பேசாதவரால் குழந்தையிடம் பேச முடியாது. உதவியாளர்களையும் அந்தப் பயிற்சியில் உட்கார வையுங்கள், பிள்ளைகள் பாதிக் கேள்வியை ஆயாம்மாவிடம்தான் கேட்கிறார்கள். இதற்காகப் புதிய பதிவேடோ செயலியில் புதிய கட்டமோ வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். இருக்கிற பதிவுகளை முடிக்கவே அவர்களுக்கு நேரம் போதவில்லை.

ஆடி பிறக்கும் முன் அவரை விதை மையங்களுக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்கு ஏற்றாற்போல் வைகாசிக்குள் சுற்றறிக்கை வந்தால் இந்த ஆண்டே தொடங்கிவிடலாம். உங்கள் பதிலை இதே பக்கத்தில் வெளியிடக் காத்திருக்கிறோம்.


ஆசிரியர்